வாடகையை யார் கொடுப்பது?

(ஊழியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையிலிருந்து)



கிணறு வெட்ட நன்கொடை கேளுங்கள், கிடைக்கும். கணக்கெழுதுபவரின் சம்பளத்துக்குக் கேளுங்கள்; முகம் சுளிப்பார்கள். கிணற்றுக்கு வந்த காசு கிணற்றுக்குத்தான் போனது என்பதைக் கணக்கின்றி எப்படி நிரூபிப்பது?

இது நம் ஊர்க் குணம் மட்டுமல்ல. அமெரிக்க அறக்கட்டளைகளும் திட்டத்துக்கு அள்ளிக் கொடுத்து, வாடகைக்கும் சம்பளத்துக்கும் கிள்ளிக் கொடுத்தன. விளைவு என்ன? தொண்டு நிறுவனங்கள் நிர்வாகச் செலவைக் குறைத்துக் காட்டின. அதையே உண்மையென நம்பிய கொடையாளர்கள் இன்னும் குறைத்தார்கள். 2009-ல் வெளியான ஒரு கட்டுரை இதைப் 'பட்டினிச் சுழல்' என்றே அழைத்தது.

ஃபோர்டு அறக்கட்டளை 2015-ல் போக்கை மாற்றியது. திட்ட நிதியில் நிர்வாகச் செலவுக்கான பங்கை 10 சதவீதத்திலிருந்து 20 ஆக உயர்த்தியது. 'பில்டு' என்ற பெயரில் 100 கோடி டாலர் ஒதுக்கி, அமைப்புகளுக்கு ஐந்தாண்டு உதவி வழங்கியது.

2020-ல் கொரோனா வந்தது. பயிற்சி வகுப்புக்கென வந்த பணத்தை உணவுக்குத் திருப்பவும் கொடையாளரின் அனுமதி வேண்டியிருந்தது! நூற்றுக்கணக்கான அறக்கட்டளைகள் நிபந்தனைகளைத் தளர்த்த முன்வந்தன. நான்கு மாதங்களில் 384 அமைப்புகளுக்கு 420 கோடி டாலர் கொடுத்ததாக மெக்கன்சி ஸ்காட் அந்த டிசம்பரில் அறிவித்தார். எதற்குச் செலவிடுவது என்பதை அவர்களிடமே விட்டார்.

இது கண்மூடித்தனமா? இல்லை. கொடுப்பதற்கு முன்பே அமைப்பை ஆராய்ந்தார்கள். கொடுத்தபின் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

எனவே சகோதரர்களே, நிர்வாகச் செலவை மறைக்காதீர்கள். துணிந்து எழுதிக் கேளுங்கள். ஆனால் கணக்குப் புத்தகத்தை எவர் கேட்டாலும் திறந்து வையுங்கள். திறந்த கணக்குக்கே திறந்த கை கிடைக்கும்.