எந்தப் பக்கத்துப் பிள்ளையா இருந்தாலும் பிள்ளை பிள்ளைதான்!

உவரி கூட்டத்தில் நம் ஐடி விங் தன்னார்வலர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுசா படிங்க, பகிருங்க உறவுகளே.



நாகர்கோவில்னா நமக்குப் பக்கத்து ஊரு. இதே பேர்ல இன்னொரு ஊர் கடலுக்கு அந்தப் பக்கம், வடமராட்சியில இருக்கு. 1995 செப்டம்பர் 22 அன்று அந்த ஊர் பள்ளிக்கூடத்தில் இலங்கை விமானப்படை குண்டு போட்டது. இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் செத்தாங்க.

2006 ஆகஸ்ட் 14, செஞ்சோலை. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் பலி, பெரும்பாலும் பள்ளி மாணவிகள். "புலிகளின் பயிற்சி முகாம்" என்றது அரசு. ராணுவ முகாமுக்கான அடையாளமே இல்லை என்றது போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு.

2009 மே, பாலச்சந்திரன், வயசு 12. மணல்மூட்டைக்கு நடுவுல உயிரோட உக்காந்திருக்கிற படமும், நெஞ்சில் குண்டு பாய்ஞ்ச படமும் 2013-ல் வெளிவந்தபோது தமிழ்நாட்டு மாணவர்கள் தெருவுக்கு வந்தாங்க. ராணுவம் மறுத்தது. இன்னிக்கு வரை யாருக்கும் தண்டனை இல்லை.

அப்போ சட்டமே இல்லையா? இருக்கு! நான் வக்கீல் இல்ல, இன்ஜினியரிங் முடிச்ச பையன். ஆனா எடுத்துப் படிச்சேன். உள்நாட்டுப் போரிலும் சண்டையில் இல்லாதவரை, பிடிபட்டவரைக் கொல்லக் கூடாது என்கிறது 1949 ஜெனீவா ஒப்பந்தம். குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இலங்கை 1991-ல் ஏற்றது. 18 வயசுக்குக் கீழ் உள்ளவரை ஆயுதக் குழுக்கள் எந்தச் சூழ்நிலையிலும் படையில் சேர்க்கக் கூடாது என்பது 2000-ல் வந்த கூடுதல் நெறிமுறை. அதையும் ஏற்றது.

கையெழுத்து எல்லாம் இருக்கு. தட்டிக் கேக்கத்தான் ஆள் இல்லை. சிறுவர்களைப் படையில் சேர்த்த குற்றத்துக்காக காங்கோவின் தாமஸ் லுபாங்காவுக்கு சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் 2012-ல் 14 வருஷம் தண்டனை கொடுத்தது. அந்த நீதிமன்றத்தில் காங்கோ உறுப்பு நாடு. இலங்கை இல்லை, இந்தியாவும் இல்லை.

இப்போ ஒரு கசப்பான விஷயம். சிலருக்குக் கோபம் வரலாம், வரட்டும். 18 வயசுக்குக் குறைஞ்சவங்களைச் சண்டையில் இறக்க மாட்டோம்னு 1998-ல் ஐ.நா. பிரதிநிதியிடம் புலிகள் வாக்குக் கொடுத்தாங்க. அதுக்குப் பிறகும் ஆயிரக்கணக்கான சிறுவர்கள் சேர்க்கப்பட்டதை யுனிசெஃப் பதிவு செஞ்சிருக்கு. பிரிஞ்சு போன கருணா குழுவும் சேர்த்தது. அதுவும் தமிழ்த் தாய் பெத்த பிள்ளைதானே? அந்தத் தாயின் கண்ணீரைப் பேசாம விட்டா, செஞ்சோலைக்கு நாம கேக்கிற நீதிக்கு என்ன மரியாதை?

சரி, நம்ம கையில என்ன இருக்கு? இந்தியாவின் சிறார் நீதிச் சட்டம் 2015-ஐ எடுங்க. ஆயுதப் போராட்டத்தால் பாதிக்கப்பட்ட குழந்தை, "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை". அந்த வரையறையில் குடியுரிமை கேக்கவே இல்லை! குழந்தையை ஆயுதக் குழு பயன்படுத்தினா 83-வது பிரிவில் ஏழு வருஷம் வரை கடுங்காவல்.

இதைப் பேச முல்லைத்தீவு வரை போக வேண்டாம். தாமிரபரணிக் கரையில் கோபாலசமுத்திரத்துக்குப் போங்க. அங்க இலங்கைத் தமிழர் முகாம் இருக்கு. இந்த மாதிரி முகாம்கள்ல, போருக்குத் தப்பி வந்தவங்களோட பிள்ளைகள் இங்கேயே பிறந்து, நம்ம பள்ளிக்கூடத்திலேயே படிச்சும், குடியுரிமை இல்லாம நிக்கிறாங்க. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை பேரே இல்லை. 1951 அகதிகள் ஒப்பந்தத்திலும் இந்தியா சேரவில்லை.

அதனால கேக்கிறோம்: முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை கொடு! போர்க்குற்றத்துக்குச் சர்வதேச விசாரணை நடத்து!

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணு. பக்கத்து முகாமில் ஒரு பிள்ளையின் படிப்பு நின்னு போச்சுன்னு தெரிஞ்சா, ஆபத்துன்னு தெரிஞ்சா, 1098-க்கு ஒரு போன் அடிங்க. சட்டத்தை நாம கூப்பிட்டாத்தான் அது வரும்.



#செஞ்சோலை #முகாம்_பிள்ளைகளுக்குக்_குடியுரிமை #உவரி