மில்ட்டன்கிட்ட யாருமே சொல்லலை

இன்னிக்குப் பேசப் போற படம், 1999-ல மைக் ஜட்ஜ் எழுதி இயக்கின 'ஆபீஸ் ஸ்பேஸ்'. தியேட்டர்ல பெரிசா ஓடலை. அப்புறம் வீடியோவிலும் டிவியிலும் பார்த்தவங்கதான் இதைக் கொண்டாட ஆரம்பிச்சாங்க.

அமெரிக்காவுல இனிடெக்னு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. 2000-ம் வருஷம் பிறக்கும்போது பேங்க் சாஃப்ட்வேர் குழம்பாம இருக்க, கோடுல வருஷத்தை ரெண்டு இலக்கத்துலேர்ந்து நாலு இலக்கமா மாத்துறதுதான் ஹீரோ பீட்டரோட வேலை. அவனுக்கு மேல எட்டு பாஸ். ஒரு ரிப்போர்ட்டுக்குப் புது கவர் ஷீட் வைக்க மறந்துட்டான்னு ஒவ்வொருத்தரா வந்து அதையே சொல்வாங்க. மேனேஜர் லம்பர்க் சத்தமே போட மாட்டார். காபி கப்போட வந்து நின்னு, இழுத்து இழுத்து, சனிக்கிழமையும் வரச் சொல்வார். போற போக்குல ஞாயிறையும் சேர்த்துப்பார்.

காலேஜ்ல பார்த்தப்போ, பிரிண்டரை வெட்டவெளியில போட்டு அடிச்சு நொறுக்குற சீனுக்கு விசில் அடிச்சோம். இப்போ மனசுல நிக்கிறது மில்ட்டன். சிவப்பு ஸ்டேப்ளருக்காக முணுமுணுத்துக்கிட்டே இருப்பாரே, அவர்தான். அஞ்சு வருஷம் முன்னாடியே அவரை வேலையிலேர்ந்து எடுத்தாச்சு. ஆனா அவர்கிட்ட யாரும் சொல்லலை. சம்பளக் கணக்குல ஏதோ பிழை, பணம் வந்துட்டே இருக்கு. ஆள் குறைக்க வந்த கன்சல்டன்ட்கள் அதைக் கண்டுபிடிச்சு, பிழையை மட்டும் சரி பண்றாங்க. அப்பவும் அவர்கிட்ட சொல்லலை. அன்னிக்கு விழுந்து விழுந்து சிரிச்சோம்.

முன்னாடி நான் வேலை பார்த்த இடத்துல, ஒருநாள் காலையில எனக்கு ஒரு மெசேஜ்: பத்து மணிக்கு ஒருத்தரோட ஆக்சஸை எடுத்துடணும். பேரைப் பார்த்தா, என் பக்கத்து சீட் அண்ணன். நான் சேர்ந்த புதுசுல கோடை வரி வரியா சொல்லித் தந்தவர். எடுத்துட்டேன்.

"டேய், லாகின் ஆகமாட்டேங்குது. உனக்கு ஆகுதா?"

"செக் பண்றேன்ணா."

ஹெச்ஆர்லேர்ந்து அவரைக் கூப்பிட இருபது நிமிஷம் ஆச்சு. அதுவரைக்கும் அவர் பாஸ்வேர்டை மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்துட்டிருந்தார். நான் ஸ்கிரீனையே பார்த்துட்டிருந்தேன்.

லம்பர்க் மாதிரி ஆகறதுக்கு மேனேஜர் பதவியெல்லாம் வேண்டாம் போல. சொல்ல வேண்டியதை வேற யாராவது சொல்லிப்பாங்கன்னு உட்கார்ந்திருந்தா போதும்.

அண்ணனுக்கு இன்னும் போன் பண்ணலை. இந்த எபிசோட் அவர் காதுக்குப் போறதுக்கு முன்னாடி பண்ணிடணும். நீங்க படத்தைப் பாருங்க, அடுத்த வாரம் பேசுவோம்.