பிக்கரிங் நிலமும் பியர்சன் கணக்கும்



ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவைத் தாண்டினால் பிக்கரிங். ரொறன்ரோவின் இரண்டாவது பெரிய விமான நிலையத்துக்கென்று 1972-இல் கனடிய மத்திய அரசு அந்தப் பக்கம் 18,600 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்த முடிவெடுத்தது. ஊரார் எதிர்த்து நின்றார்கள். வீதியும் கழிவுநீர்க் குழாயும் அமைத்துத் தர முடியாதென்று 1975-இல் ஒன்ராறியோ மாகாண அரசு கைவிரித்தது. திட்டம் நின்றது. நிலம் மட்டும் திரும்பி வரவில்லை.

அந்த மண் பட்ட பாட்டைக் கேளுங்கள். சொந்த நிலத்திலேயே விவசாயிகள் குத்தகைக்காரர் ஆனார்கள். குத்தகையும் நீண்ட காலம் ஓராண்டுக்கு மேல் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர் பழமரம் நடுவாரா? வடிகால் குழாய் பதிப்பாரா? வீடுகள் ஆளில்லாமல் பாழடைந்தன, பல இடிக்கப்பட்டன. அங்கே விமான நிலையம் வராது என்று 2025 ஜனவரியில்தான் அறிவிப்பு வந்தது. அறிவித்தவர் அப்போதைய போக்குவரத்து அமைச்சர் அனிதா ஆனந்த். நகரத்தின் வாசலில் இருக்கும் முதல்தர விளைநிலம் அது. அந்த முடிவை மனதார வரவேற்கிறேன். ஐம்பது ஆண்டுத் தாமதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆனால் பறக்க வேண்டிய தேவை நின்றுவிடவில்லை. 2024-இல் ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையம் வழியே 4 கோடியே 60 லட்சம் பேருக்கு மேல் பயணித்தார்கள். அம்மம்மாவின் செத்த வீட்டுக்கு யாழ்ப்பாணம் ஓடியவர்களும் அவர்களில் உண்டு. அதைக் குற்றமென்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்த விமான நிலையத்தை நம்பிப் பக்கத்து நகரங்களான பிராம்ப்டனிலும் மிசிசாகாவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடுப்பெரிக்கின்றன. பியர்சனும் இப்போது பெரும் விரிவாக்கத்தில் இறங்கியிருக்கிறது.

இந்த விரிவாக்கத்தின் புகை எந்தக் கணக்கில் சேரும்? 2050-க்குள் நிகரப் பூச்சிய உமிழ்வு என்று 2021-இல் கனடா சட்டமே இயற்றியது. பன்னாட்டு விமானங்களின் புகையோ நாட்டின் மொத்தக் கணக்கில் சேர்வதில்லை, ஐ.நா. விதிப்படி தனியே குறித்து வைக்கப்படுகிறது. வருமானம் நம் பேரேட்டில் ஏறுகிறது, புகை ஏறுவதில்லை. இது நேர்மையான கணக்கல்ல.

எல்லாப் பயணத்துக்கும் விமானம் வேண்டியதில்லை. மொன்றியலுக்கு ரயிலில் போகலாம். ரொறன்ரோவிலிருந்து கியூபெக் நகரம் வரையிலான அதிவேக ரயில் திட்டம் 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. ஆனால் கொழும்புக்கு ரயில் இல்லை. ஓடுபாதையில் இருக்கும் இடத்தை வேறு வழியில்லாத பயணங்களுக்கு முதலில் கொடுப்போம்.

பட்டம் பெறும் மாணவர்களே, நாளை உங்களில் சிலர் இப்படிப்பட்ட திட்டங்களை வரைவீர்கள், சிலர் கையெழுத்திடுவீர்கள். வேலைவாய்ப்பின் எண்ணிக்கை அச்சாகும் அதே பக்கத்தில் கரியமில வாயுவின் அளவும் அச்சாக வேண்டுமென்று கேளுங்கள். கட்டுமானம் தொடங்கும் முன்பே கேளுங்கள்.