காட்டைத் திருப்பித் தரும் கலை

மெக்ஸிகோ நாட்டின் தென்கோடியில், குவாத்தமாலா எல்லையை ஒட்டிய சியாபாஸ் மாநிலத்து மழைக்காட்டில், நஹா, லக்கன்ஹா முதலிய சிற்றூர்களில் வாழும் லக்கந்தோன் என்ற மாயா ஜனங்களின் தாவர ஞானத்தைப் பற்றி இன்று பேச முன்வந்திருக்கிறேன். வனவாசிகளின் மூலிகை அறிவு என்றவுடன் நம் மனம் நோயையும் மருந்தையுமே நாடுகிறது. ஆனால் இவர்களுடைய வித்தையின் சிகரம், வெட்டிய காட்டைத் திரும்ப எழுப்புவதில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

காட்டில் ஒரு துண்டைத் திருத்தித் தீயிட்டு, மக்காச்சோளத்தோடு பயறு, பூசணி, மிளகாய், மரவள்ளி என்று பலவற்றையும் கலந்து பயிரிடும் அவர்களது விளைநிலத்துக்கு மில்பா என்று பெயர். சில ஆண்டுகளில் மண் சாரம் குன்றியதும், அதை வெறுமே கைவிட்டுப் போய்விடாமல், பழமரங்களை நட்டும், சுஹும் என்று தாங்கள் வழங்கும் பால்சா விருட்சத்தின் விதைகளைத் தூவியும், தானே முளைத்த கன்றுகளைக் களையாது காத்தும் அந்நிலத்தைக் காட்டினிடமே ஒப்படைக்கிறார்கள். பால்சா அதிவேகமாக ஓங்கி வளர்வது; அதன் அகன்ற இலைகள் ஓயாது உதிர்ந்து மக்கி மண்ணுக்கு உரமாகின்றன. இதைவிட அதிசயம் மற்றொன்று உண்டு. அடிக்கடி எரியூட்டிய நிலங்களை ஒருவகைப் பெரணி கவர்ந்துகொள்கிறது. மேலே எரித்தாலும் மண்ணுக்குள் கிடக்கும் தண்டிலிருந்து அது மறுபடி தழைத்து, வேறெதையும் தலைதூக்க விடுவதில்லை. நெருப்புக்கும் அஞ்சாத அந்தப் பெரணி, பால்சாவின் நிழலில் வெயிலின்றி நலிந்து ஒடுங்குகிறது. அந்த நிழலிலேயே பிற காட்டு மரங்கள் தலையெடுக்கின்றன.

பால்சே என்ற வேறொரு மரத்தின் பட்டையைத் தேன்நீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்த பானத்தைத் தெய்வங்களுக்குப் படைப்பதும், மண்கலங்களில் கோப்பல் பிசினைச் சாம்பிராணிபோல் புகைப்பதும் அவர்களது பழைய சம்பிரதாயங்கள். உண்பது மட்டுமன்றி வழிபாடும் மரத்தை அண்டி நின்ற இம்மக்களையும், எரித்துப் பயிரிடுகிறார்கள் என்ற ஒரே காரணத்தால் காடழிப்போர் வரிசையில் சேர்ப்பது பெரும் அநியாயம். நிலத்தை எரிப்பவர் யார், எரித்தபின் அதை என்ன செய்கிறார் என்று பார்த்தல்லவா தீர்ப்புச் சொல்லவேண்டும்?

லக்கந்தோன் முதியவர்களிடம் கேட்டறிந்த ஆராய்ச்சியாளர்கள், அக்கம்பக்கத்து வேறு குடியானவர்களின் பெரணி மூடிய நிலங்களிலும் பால்சாவை விதைத்துப் பயன் கண்டிருக்கிறார்கள். ஆகவே, பாழ்பட்ட காடுகளை மீட்க முற்படும் அரசாங்கங்கள், இம்முதியவர்களை உதவிக்கு அழைக்கும் கூலிகளாக அன்றி, ஆசிரியர்களாகவே அமர்த்திக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.