வளரியும் ராஜாவின் வாளும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சிவகாசி அச்சகங்களின் காகிதம் வெட்டும் மெஷின்களுக்குக் கத்தி சாணை பிடித்துக் கொடுப்பது என் தொழில். "மெக்கானிக்கல் படிச்சிட்டு சாணையா?" என்று கேட்ட மாமா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்! அந்தக் கத்தி ஆசையில்தான் இன்று பேச வந்தேன்.

போலந்தின் கிராக்கோ நகரில், வாவெல் கோட்டையில் ஒரு வாள் இருக்கிறது. 1320 முதல் 1764 வரை மன்னர்களின் முடிசூட்டு விழாக்களில் இடம்பெற்றது. 'பல் விழுந்த வாள்' என்று பெயர். 1018-ல் அரசர் போலெஸ்லாவ் கீவ் நகரத்துப் பொற்கதவில் ஓங்கி வெட்டியதில் பல் விழுந்ததாம். வாளோ அதற்கு நூறாண்டுக்கு மேல் பிந்தியது! கதை பொய் என்றாலும், இரண்டாம் உலகப் போரில் அதைக் கனடா வரை கொண்டுபோய்க் காப்பாற்றி, 1959-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். ராஜசின்னம் அல்லவா!

நம் பக்கத்து ஆயுதம் வளரி. 1985 வரை நாமும் சிவகங்கையும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம்தானே. அரிவாள்போல் வளைந்து, ஒரு முனை கனத்திருக்கும் எறி ஆயுதம் அது. 1795-ல் சின்ன மருது அதை வீசக் கற்றுக்கொடுத்தது யாருக்குத் தெரியுமா? வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரிக்கு. கை தேர்ந்தவர் வீசினால் 300 அடிக்குள் குறி தப்பாது என்று வெல்ஷே எழுதியிருக்கிறார். 1801-ல் அதே வெல்ஷ் எதிர்ப்படையில் வந்தார். அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருதுவைத் தூக்கிலிட்டார்கள். டிசம்பரில் கம்பெனி பிரகடனம்: தென்சீமையில் ஆயுதம் வைத்திருக்கத் தடை.

தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையிலிருந்து சென்னை மியூசியத்துக்கு வந்த வளரிகளில் இரண்டு தந்தத்தால் ஆனவை. தந்த வளரியை எறிந்து யார் மான் அடிப்பார்கள்? என் கணக்கில் அது கௌரவத்துக்குச் செய்தது. அதனால்தான் பத்திரமாக இருக்கிறது. வீசுகிற கைதான் போய்விட்டது.

போன வருஷம் கருவேலங்கட்டையில் ஒரு வளரி இழைத்து, கண்மாய்க்குள் வீசிப் பார்த்தேன். 40 அடி தாண்டவில்லை. ஒரு தடவை என் பைக் கண்ணாடியை உடைத்தது. ஆடு மேய்த்த பெரியவர் ஒருவர், "மணிக்கட்டைத் திருப்பணும் தம்பி" என்றார். வீசிக் காட்டுங்களேன் என்று நீட்டினேன். "எங்க தாத்தா வீசுவாருன்னு கேள்விதான்" என்று ஆட்டைப் பத்திக்கொண்டு போய்விட்டார்.

அந்த வளரி இதோ, பையில் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு மைதானத்துக்கு வாருங்கள், தம்பிகளா. பைக்கை மட்டும் தள்ளி நிறுத்துங்கள்.