வாய் நாற்றத்தை மறைக்காதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்

(தொலைக்காட்சி நலவாழ்வுக் கருத்தரங்கில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பல்வலி என்றால் பத்துப் பேரிடம் சொல்வோம். வாய் நாற்றத்தைப் பற்றி மட்டும் கட்டிய மனைவிகூடக் கணவரிடம் சொல்லத் தயங்குவார். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள, இவர் அதை வெறுப்பு என்று எண்ணிக்கொள்வார். வேலைக்கான நேர்காணலில் வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசும் இளைஞர்களும் உண்டு. அதனால் இந்தத் தலைப்பைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது.

நம் வாயின் வாடை நமக்கே தெரிவது கடினம். மூக்கு அதற்குப் பழகிப்போயிருக்கும். மணிக்கட்டை நாக்கால் தடவி, சில விநாடி காயவிட்டு முகர்ந்து பார்த்தால் ஓரளவு தெரியும். அதைவிட நல்ல வழி, நம்பிக்கையான ஒருவரிடம் வெளிப்படையாகக் கேட்பதுதான்.

"வயிறு சரியில்லை, அதனால்தான் வாய் நாறுகிறது" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. உண்மையில் பத்தில் எட்டு, ஒன்பது பேருக்குக் காரணம் வாய்க்குள்ளேயே இருக்கிறது. நாக்கின் பின்பகுதியிலும், பல் இடுக்குகளிலும், ஈறுகளுக்கு அடியிலும் காற்றுப்படாத இடங்களில் கிருமிகள் வாழ்கின்றன. உணவுத் துணுக்குகளிலும் உதிர்ந்த செல்களிலும் உள்ள புரதத்தை அவை சிதைக்கும்போது கந்தக வாயுக்கள் உண்டாகின்றன. அழுகிய முட்டையின் வாடையும் அதே வகை வாயுதான்.

இந்தக் கிருமிகளைக் கட்டுக்குள் வைத்திருப்பது உமிழ்நீர். தூக்கத்தில் அது குறைந்துவிடுவதால்தான் காலையில் எல்லாருக்குமே வாய் நாறுகிறது. பல் துலக்கிப் பசியாறியதும் அது போய்விடும், கவலை வேண்டாம். குறட்டை விடுபவர்கள், வாயால் மூச்சு விடுபவர்கள், போதிய தண்ணீர் குடிக்காதவர்கள், புகைப்பவர்கள் ஆகியோருக்கு வாய் உலர்ந்து நாள் முழுவதும் வாடை இருக்கலாம். ஒவ்வாமை, மனச்சோர்வு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான சில மருந்துகளும் வாயை உலரச் செய்யும்.

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூண்டு சாப்பிட்டுவிட்டு எத்தனை முறை பல் துலக்கினாலும் வாடை போவதில்லையே, ஏன்? அதன் கந்தகப் பொருள் இரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மூச்சில் வெளிவருகிறது. வெங்காயமும் அப்படித்தான். இது சில மணி நேரத்திலோ மறுநாளோ தானே மறைந்துவிடும்.

நாம் அஞ்ச வேண்டியது ஈறு நோய்க்குத்தான். பல் துலக்கும்போது இரத்தம் வருகிறதா? அதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். ஈறு வீங்கி, பல்லுக்கும் ஈறுக்கும் இடையே பை போன்ற இடைவெளி உண்டாகி, அதில் கிருமி சேரும். கவனிக்காமல் விட்டால் பல் ஆடி விழுந்துவிடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்நோய் எளிதில் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு நீரிழிவு உள்ளது. இந்தியர்களிடையே இது இன்னும் அதிகம். ஆகவே ஈறு அடிக்கடி வீங்கினால் இரத்தத்தில் சர்க்கரையையும் சோதித்துக்கொள்ளுங்கள். நீரிழிவு உள்ளவரின் மூச்சில் அழுகிய பழ வாடை அடித்து, வாந்தியும் சோர்வும் சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். அது உயிருக்கே ஆபத்தான நிலை.

தொண்டைச் சதையில் சேரும் வெண்ணிறக் கட்டிகள், சைனஸ் தொல்லை ஆகியவையும் வாடை தரும். சிறு பிள்ளைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால், மணியோ கடலையோ உள்ளே சிக்கியிருக்கலாம். நீங்களே எடுக்க முயலாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிலருக்கு வாடை இராது, ஆனால் வாய் கசக்கும் அல்லது புளிக்கும். வயிற்று அமிலம் மேலே ஏறினால் காலையில் புளிப்பும் கசப்பும் தெரியும். இரவு உணவை முன்கூட்டியே முடித்துக்கொள்வது உதவும். நீரிழிவுக்குத் தரப்படும் மெட்ஃபார்மின், கிருமித் தொற்றுக்குத் தரப்படும் மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகள் நாக்கில் உலோகச் சுவையை உண்டாக்கலாம். அதற்காக மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி, என்ன செய்யலாம்?

நாளுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் 2 நிமிடம், ஃபுளோரைடு பற்பசையால் பல் துலக்குங்கள். படுக்குமுன் துலக்குவதை மட்டும் தவறவிடவே கூடாது. நாக்கு வழிப்பது நம் முன்னோர் விட்டுச்சென்ற நல்ல பழக்கம். பின்பகுதியிலிருந்து முன்நோக்கி மெதுவாக வழியுங்கள். இரத்தம் வரும்படி சுரண்ட வேண்டாம். பல் இடுக்குகளைப் பல் நூலால் சுத்தம் செய்யுங்கள். பொய்ப்பல்லை இரவில் கழற்றிக் கழுவி, தண்ணீரில் போட்டு வையுங்கள். உமிக்கரியும் செங்கல் பொடியும் பல்லைத் தேய்த்துவிடும்; அவை வேண்டாம்.

கிராம்பும் ஏலக்காயும் சிறிது நேரம் வாடையை மறைக்கும், அவ்வளவே. சர்க்கரை இல்லாத சூயிங்கம் உமிழ்நீரைச் சுரக்க வைக்கும். குளோர்ஹெக்சிடின் கலந்த வாய் கழுவும் மருந்தைப் பல் மருத்துவர் சொன்ன காலத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். நீண்ட நாள் பயன்படுத்தினால் பல்லில் கறை படியும், சுவையும் மாறும்.

வாடையை மறைக்க வெற்றிலை பாக்கு போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள்தான். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களையே அதிகம் தாக்குகிறது. வாயில் மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயைத் திறக்க முடியாத இறுக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே காட்டுங்கள். தொடக்கத்தில் வலி இராது. வலி வரட்டும் என்று காத்திருந்து, நோய் முற்றிய பிறகு வருகிறவர்கள்தாம் அதிகம்.

மேலே சொன்னவற்றை இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் வாடை போகவில்லை என்றால் பல் மருத்துவரைப் பாருங்கள். அரசாங்கப் பல் மருத்துவக் கிளினிக்குகளில் கட்டணம் குறைவுதான். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தத் தொல்லை இருந்தால், பிறர் முன்னிலையில் கேலி செய்யாமல், தனியே அழைத்து அன்பாகச் சொல்லுங்கள். அது அவருடைய பல்லை மட்டுமல்ல, சில சமயம் உயிரையே காப்பாற்றக்கூடும்.