கலையும் கொலையும் ஒன்றாமோ?

(தனித்தமிழ் ஆர்வலர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இணையத்தில் தமிழ் வளர்ந்துவிட்டது என்று மகிழ்ந்துரைப்பார் பலர். திரைமேல் தோன்றும் எழுத்தை மட்டும் கண்டு கூறும் கூற்று அது. திரைக்குப் பின்னின்று அப்பக்கங்களை ஆக்கித் தரும் பொறியமைப்பு எவ்வாறு கட்டப்பட்டுள்ளது, அதனுள் தமிழெழுத்துக்கு உள்ள இடம் யாது என வினவுவார் மிகச் சிலரே.

வலைச் செயலி ஒவ்வொன்றையும் அடிமுதல் எழுதுதல் பயனற்ற உழைப்பு. பயனரின் வேண்டுகோளைப் பெறுதல், தரவுத்தளத்தில் தேடுதல், கடவுச்சொல்லைச் சரிபார்த்தல், பக்கமாக்கி அனுப்புதல் ஆகியன எல்லாச் செயலிகட்கும் பொதுவானவை. இப்பொதுப் பணிகளை முன்னரே முடித்து, இன்னது இன்ன இடத்தில் இருத்தல் வேண்டும் என்று வரையறுத்துத் தரும் அமைப்பே சட்டகம் எனப்படும். கடைகாலும் தூணும் உத்திரமும் நாட்டித் தந்துவிட்டால் சுவரெழுப்புவோன் வேலை எளிதாவது போன்றது இது.

அத்தகைய சட்டகங்களுள் ஒன்று சாங்கோ. அமெரிக்க நாட்டுக் கன்சாசு மாநிலத்தில், இலாரன்சு என்னும் ஊரில் வெளிவரும் செய்தித்தாள் ஒன்றின் அலுவலகத்தில் அது பிறந்தது. அட்ரியன் ஒலோவாட்டி, சைமன் வில்லிசன் என்னும் நிரலர் இருவர் 2003ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கினர். செய்தியறையில் இன்று கேட்பது நாளை வேண்டும். சிலபோது இரண்டு மணிநேரத்தில் வேண்டும். அவ்விரைவுக்கு ஈடுகொடுக்கவே பொதுவானவற்றைத் தனியே பிரித்து வைத்தனர். 2005இல் கட்டற்ற உரிமத்துடன் அஃது உலகுக்கு வழங்கப்பட்டது. கித்தார் இசைஞர் சாங்கோ இரெயினார்ட்டின் பெயரையே அதற்கு இட்டனர்.

இனி அதன் உள்ளமைப்பைக் காண்க. முழுமைக்குத் திட்டம் என்று பெயர். திட்டத்தின் உறுப்புகள் செயற்கூறுகள். நூலகம் ஒன்றுக்கு வலைத்தளம் அமைப்பதாகக் கொண்டால், நூற்பட்டியல் ஒரு செயற்கூறு. உறுப்பினர் பதிவு மற்றொரு செயற்கூறு. நன்கமைந்த செயற்கூற்றைக் கழற்றி வேறொரு திட்டத்தில் பொருத்தலாம். திட்டத்துக்கென அமைப்புக் கோப்பு ஒன்றுண்டு. அதில் மொழி என்னும் இடத்தில் அமெரிக்க ஆங்கிலம் என்றே முன்னதாக எழுதப்பட்டிருக்கும். தமிழர் பலர் அதனை அப்படியே விட்டுவிடுகின்றனர். தமிழின் குறியீட்டை அங்கு எழுதினால், மொழிபெயர்க்கப்பட்டுள்ள அளவுக்குச் சட்டகத்தின் சொற்கள் தமிழில் தோன்றும். மாற்ற வேண்டுவது ஒரே வரி!

ஒருவர் ஒரு நூலின் பக்கத்தைக் கேட்கின்றார் எனக் கொள்க. அவ்வேண்டுகோள் முதற்கண் இடைக்காவல் அடுக்குகளைக் கடக்கும். பல வாயில் கொண்ட கோட்டையுள் புகுவோன் முதலிற் கடந்த வாயிலை மீளுங்கால் இறுதியிற் கடத்தல் போல, விடையும் அவ்வடுக்குகளைத் தலைகீழ் முறையிற் கடந்தே வெளிவரும். அடுத்து, முகவரிப் பட்டியல் அவ்வேண்டுகோளை ஒப்பு நோக்கி உரிய நிரற்பகுதிக்கு அனுப்பும். இந்நிரற்பகுதியைக் காட்சி எனப் பெயர்ப்பது ஆங்கிலச் சொல்லின் நிழலைப் பிடிப்பதாகும். எதனைக் காட்டுவது என்று முடிவுசெய்து விடை ஆக்குவதே அதன் தொழிலாகலின், விடைவினை என்பதே பொருந்தும். விடைவினை தரவுப் படிமத்தின் வழியாகத் தரவுத்தளத்தை வினவும். படிமம் ஒன்று பெரும்பாலும் அட்டவணை ஒன்றற்கு நேர். நூற்பெயர், ஆசிரியர், ஆண்டு என்பன அதன் புலங்கள். கிடைத்த தரவை வார்ப்புருவில் ஊற்றினால் பக்கம் உருவாகும். தரவு வேறு, முடிபு வேறு, தோற்றம் வேறு எனப் பிரித்த இப்பிரிவினையே அதன் வலிமை. தோற்றத்தை மாற்றுவோன் தரவில் கைவைக்க வேண்டுவதில்லை.

இத்துணைச் சீரிய அமைப்பினுள்தான் தமிழுக்கு முட்டுப்பாடும் உளது. படிமத்துக்கு மரம் என்று பெயரிட்டுப் பன்மைப் பெயரைத் தனியே தராவிடின், ஆளுகைப் பக்கம் மரம் என்பதன் ஈற்றில் ஆங்கிலப் பன்மையெழுத்தாகிய எசு என்பதை ஒட்டிக் காட்டும்! மரம் மரங்கள் ஆவதும், கல் கற்கள் ஆவதும் அதற்குத் தெரியா. ஆயினும் பன்மையைத் தனியே எழுத இடம் வைத்துள்ளனர். அதனால் இது பொறுக்கத்தக்கது. 2004இல் வெளிவந்த இரெயில்சு என்னும் சட்டகத்திலோ நிலைமை கடிது. அதற்கு அடிப்படையான உரூபி நிரல்மொழியில் வகுப்பின் பெயர் தலைப்பெழுத்தில் தொடங்கியே ஆகல் வேண்டும். தமிழில் தலைப்பெழுத்து ஏது? ஆகவே அங்கு வகுப்பொன்றுக்குத் தமிழெழுத்தில் பெயரிடவே இயலாது.

சாங்கோவில் பொறுக்கலாகாத குறை வேறொன்று. பக்கத்தின் தலைப்பிலிருந்து முகவரிக்கென ஆக்கும் சிறு பெயரைக் குறும்பெயர் எனலாம். அதுவும் செய்தியறை வழக்கே. தொடக்கத்தில் ஆங்கில எழுத்தும் எண்ணும் கோடும் மட்டுமே அதற்கு ஒப்பம். தமிழ்த் தலைப்பை அந்நிரலில் இட்டால் ஒன்றுமே மிஞ்சாது, வெற்றிடமே கிடைக்கும். 2015இன் இறுதியில் வந்த பதிப்பில் பிறமொழி எழுத்துக்கும் இடம் தந்தனர். அப்பொழுது நிகழ்ந்ததுதான் கொடுமை. தமிழ் என்னும் சொல்லை இட்டால், தமழ என்று வெளிவரும். கலையும் கல, கொலையும் கல, கால், கோல், கூலி யாவும் கல!

இஃது ஏன்? ஒருங்குறியில் ககரம் ஓர் இடத்திலும், அதன்மேல் ஏறும் உயிர்க்குறி மற்றோர் இடத்திலும் வைக்கப்பட்டுள்ளன. குறிகளும் புள்ளியும் எழுத்து என்னும் இனத்தில் வையாது, சார்குறி என்னும் இனத்தில் வைக்கப்பெற்றன. பைத்தான் மொழியின் தேடற்கோவை, சொல்லெழுத்து எது என்று பார்க்குங்கால் அச்சார்குறிகளைத் தள்ளிவிடுகின்றது. சாங்கோவின் குறும்பெயர் நிரல் அக்கோவையையே நம்பியிருத்தலின் உயிர்க்குறிகளும் புள்ளியும் உதிர்கின்றன. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று நூன்மரபிலேயே தொல்காப்பியர் வரையறுத்தார். அப்புள்ளி குப்பையென நீக்கப்படுகின்றது. 2008இல் வந்த பைத்தானின் மூன்றாம் பதிப்பு முதல், நிரலுள் இடும் பெயர்களைப் புள்ளியும் குறியும் சிதையாமல் தமிழிலேயே எழுதலாம் என்பது இதனினும் வியப்பு. ஒரே மொழியின் ஒரு கை ஏற்பதை மறுகை தள்ளுகின்றது!

இதற்குத் தீர்வு அச்சட்டகத்தின் அமைப்பிலேயே உளது. குறும்பெயர் ஆக்கும் வினை தனிச் சிறு நிரல்; அதனிடத்தில் தமிழர் தாமே எழுதிய நிரலைப் பொருத்தலாம். ஒருங்குறியில் தமிழுக்கென 128 இடங்கள் தொடர்ச்சியாக ஒதுக்கப்பட்டுள்ளன. அத்தொடர் முழுவதையும் ஏற்க என ஒரு வரி சேர்த்தல் போதும். புலத்தைச் சரிபார்க்கும் நிரலிலும் அவ்வாறே செய்க. முகவரிப் பட்டியலில் அத்தகைய பெயரை அறிந்தேற்கும் மாற்றியையும், 2017இன் இறுதியில் வந்த இரண்டாம் பதிப்பு முதல், தாமே எழுதிப் பதியலாம். இம்மூன்றும் ஒரு செயற்கூற்றுள் அடங்குமாகலின், ஒருவர் செய்தது ஏனைத் தமிழ்த்தளங்கள் அனைத்துக்கும் உதவும். கணிப்பொறி பயிலும் தமிழ் மாணவர் இருவர் மூவர் கூடின் சில நாள்களில் முடியும் பணி இது. மூலநிரல் யாவர்க்கும் திறந்துள்ளமையின், முடித்ததைச் சாங்கோவின் பொறுப்பாளர்க்கே அனுப்பித் திருத்தம் வேண்டவும் வழியுண்டு.